சாலையின் வரலாற்றைக் கல்லில் படிக்கலாம்

குறுகிய கிராமப்புற மாநில நெடுஞ்சாலை ஒன்றில் போகிறீர்களா? வண்டியை ஓரங்கட்டி கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் வேறு நிறம் எட்டிப் பார்த்தால், அந்தச் சாலை தரம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. கற்களுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று நிற்கும் குட்டைக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டவை. சிறுபாலத்தில் 5/2 என்றிருந்தால் 5ஆம் கிலோமீட்டரில் 2ஆவது பாலம்.

காரணமே தெரியாத வளைவு பெரும்பாலும் பழைய ஏரிக்கரையோ வயல் வரப்போ. நேராக்கக் கூடாதா என்று கேட்பார்கள். அதற்கு நிலம் எடுக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

எனக்குப் பெரிய கவலை ஓரங்கள்தான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுக்கொண்டே போனால் சாலை உயரும், மண் ஓரம் அப்படியே கிடக்கும். 3.75 மீட்டர் அகல ஒற்றைத் தடச் சாலையில் எதிரே பேருந்து வந்தால் ஒரு சக்கரம் இறங்கியே ஆக வேண்டும். அந்த விளிம்பு உடையும், மழைநீர் உள்ளே புகும், அடித்தளம் இளகும். இரு சக்கர வண்டிக்கு நாலு விரல் பள்ளமே போதும், ஆளைச் சாய்த்துவிடும். தார் போடும் அன்றே ஓரத்துக்குக் கிராவல் கொட்டி ரோலர் ஓட்டச் சொல்லிக் கேளுங்கள்.