தெருவில் தொங்கும் மாடிப்படி

கனடாவில், மாண்ட்ரியாலில் வீடு கிடைத்ததும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "வீட்டுக்குள்ள இருக்க வேண்டிய மாடிப்படியை எதுக்குடி தெருவுல கொண்டுவந்து வச்சிருக்காங்க?" என்றாள்.

பிளாட்டோ பகுதியில் பாதித் தெருக்கள் இப்படித்தான். நூறு வருஷத்துக்கு மேலான மூன்றடுக்கு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். படி வெளியே போய்விட்டதால் உள்ளே இடம் மிச்சம். மாடியில் இருப்பவருக்கும் தெருவிலிருந்தே தனி வழி. வாசலில் இருக்கும் துண்டு இடத்துக்குள் அடங்கவேண்டுமே என்று இரும்புப்படியை வளைத்துவிட்டார்கள். 1940களில் நகராட்சி இதற்குத் தடையெல்லாம் போட்டது. இப்போது அதே படிதான் வாழ்த்து அட்டைகளில் வருகிறது.

நாங்கள் குடிவந்தது ஜூலை 1. அன்றைக்குத்தான் பாதி ஊர் வீடு மாறும். முன்பு மே மாதமாக இருந்ததாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடுவில் கெடுகிறதென்று 1970களில் மாற்றினார்கள். தெரு முழுக்க லாரிகள், நடைபாதையில் யாருக்கும் வேண்டாத சோபாக்கள். இங்கே பல வீடுகளில் ஃப்ரிட்ஜும் அடுப்பும் நாமே கொண்டுவர வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜ் வளைவில் சிக்கிக்கொண்டது. ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நின்றது. என் வீட்டுக்காரர் அதன் அடியில், வியர்த்துக் கொட்ட, தோள் கொடுத்தபடி.

கீழ்வீட்டுப் போர்த்துகீசியப் பாட்டி கதவைத் திறந்தார். வாசலில் நீல ஓட்டில் மாதா படம் பதித்திருப்பவர். ஒன்றும் பேசவில்லை; பால்கனியைக் கைகாட்டிவிட்டு உள்ளே போய்க் கயிறு கொண்டுவந்தார். எதிர்வீட்டுக்குக் குடிவந்துகொண்டிருந்த இரண்டு பையன்கள் தங்கள் கட்டிலைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஃப்ரிட்ஜ் மேலே போனது. பதிலுக்குக் கட்டிலுக்கு நாங்கள் கை கொடுத்தோம். கணக்கு சரி.

அப்புறம் ஜனவரி. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடையில் வாங்கிய அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு 80ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கினேன். படியில் தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி இருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாவது படியில் வழுக்கி, நான் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். பாட்டி உப்பு வாளியோடு வந்து முதலில் என்னை எழுப்பினார். பிறகு திட்டினார், பிரெஞ்சில் பாதி, போர்த்துகீசியத்தில் பாதி. திட்டு மட்டும் முழுக்கப் புரிந்தது. சிந்திய அரிசியை அணில்கள் பார்த்துக்கொண்டன.

அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரி வீடியோவில் நான் நாற்காலியிலிருந்து எழுந்ததைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அந்தப் படிதானே?"