சுண்டுவிரலும் முழங்காலும்

செப்டம்பர் 2 (14ஆம் நாள்)

இன்று 22 கிலோமீட்டர்தான்.

காலை பத்து மணி இருக்கும். முன்னால் போய்க்கொண்டிருந்த என் கணவருடைய சைக்கிளிலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், இழுத்துக் கட்டிய தந்தி அறுந்தாற்போல. ஸ்போக்ஸ் கம்பிதான் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. இறங்கிப் பார்த்தோம். பின்சக்கரம், செயின் ஓடும் பக்கம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் விளிம்பில் கம்பி வளைந்து திரும்பும் இடத்தில் அறுந்து தொங்கியது.

பாரம் ஏற்றிய சைக்கிளில் இந்த இடம் அடிக்கடி போவதற்குக் காரணம் இருக்கிறது. பற்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலப்பக்கக் கம்பிகள் அதிகச் சாய்வில்லாமல் நிற்கின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால் அவற்றை இடப்பக்கக் கம்பிகளைவிட நன்றாக இறுக்கியாக வேண்டும். அந்த இறுக்கத்தோடு ஆள் எடை, இரண்டு பைகள், கூடாரம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை இழுத்து இழுத்து விடுகின்றன. பல்லாயிரம் சுற்றுக்குப் பிறகு ஏதோ ஒரு கம்பி களைத்துப்போகிறது.

மாற்றுக் கம்பிகள் மூன்றைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறோம். ஆனால் வலப்பக்கக் கம்பியை மாட்டப் பற்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். அதற்கான கருவியை, எடை கூடுகிறது என்று கிளம்பும் முன் பையிலிருந்து எடுத்து வைத்தவள் நான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரிம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு பிரேக் கட்டையில் உரசியது. அறுந்த கம்பிக்கு இருபுறமும் இருந்த இடப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். உரசல் நின்றது. அதற்குள் கம்பியைத் திருகும் நிப்பிள் சாவி இரண்டு முறை என் கையிலிருந்து நழுவிப் புழுதியில் விழுந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பைகளில் ஒன்றை என் கேரியரில் ஏற்றிக் கட்டி, பள்ளம் வந்தால் இறங்கி நடந்து, ஊர் வந்து சேர்ந்தோம். ஒரு பட்டறையில் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதுவரை 761 கிலோமீட்டர். திட்டம் 2,400.

செப்டம்பர் 5 (17ஆம் நாள்)

காற்று.

மேடென்றால் உச்சி என்று ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியும். எதிர்க்காற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. மரமில்லாத சமவெளியில் காலையிலிருந்து அது எங்கள் முகத்திலேயே நிற்கிறது. ஐந்து மணி நேரத்தில் 31 கிலோமீட்டர்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முகத்தில் படுவதும் அந்த 15தான். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடிக்கும்போது அதே வேகத்தில் போக நினைத்தால் முகத்தில் படுவது 40. தடை ஏழு மடங்கு! காலில் பலம் குறைந்துவிட்டதோ என்று பகலெல்லாம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். கணக்கைப் பார்த்ததும் மனம் லேசானது.

ஒருவர் முன்னால், மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி ஓட்டினோம். பின்னால் இருப்பவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் தன் முறை முடிந்த பிறகும் முன்னாலிருந்து விலக அவருக்கு மனம் வரவில்லை. "இன்னும் கொஞ்சம், நீ பின்னாலேயே வா" என்கிறார். அன்பு என்று அப்போது எடுத்துக்கொண்டேன். மாலையில் அவர் சைக்கிளிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வலது காலை ஊன்றாமல் இறங்கினார்.

"கால் வலிக்கிறதா?"

"இல்லை, மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்."

செப்டம்பர் 7 (19ஆம் நாள்)

இன்று ஒருவரை ஒருவர் தொலைத்தோம்.

நான் முன்னால் போனேன். கோபத்தில் போனேன் என்பதே உண்மை. இன்னும் 60 கிலோமீட்டர் போயாக வேண்டும் என்று காலையில் அவர் பிடிவாதம் பிடித்தார். நான் வேண்டாம் என்றேன். பிறகு பேச்சே இல்லை. சாலை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவர் பின்னால் வருகிறார் என்று நம்பி, திரும்பிப் பார்க்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். எட்டு கிலோமீட்டர் போன பிறகுதான் திரும்பினேன். வெறும் சாலை.

கைபேசியில் சிக்னல் இல்லை. வந்த வழியே பிரிவுக்குத் திரும்பினேன். அங்கேயும் அவர் இல்லை. போனால் அவர் வரும்போது நான் இருக்க மாட்டேன், இருந்தால் அவருக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். இந்தப் பயணத்தில் மிக நீளமான தூரம் அதுதான்.

வலப்பக்கச் சாலையிலிருந்து அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரும் நான் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன் என்று நினைத்து ஒன்பது கிலோமீட்டர் போய்த் திரும்பியிருக்கிறார். தள்ளிக்கொண்டு வந்தார் என்பது அப்போது என் மனதில் பதியவில்லை. ஓடிப்போய் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பிரிவிலும், பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை முன்னால் போனவர் ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். இத்தனை சிறிய விஷயத்தை முதல் நாளே பேசாமல் எப்படிக் கிளம்பினோம்!

செப்டம்பர் 8 (20ஆம் நாள்)

காலையில் எழுந்தபோது அவரால் முழங்காலை மடக்க முடியவில்லை.

"எத்தனை நாளாக?"

கூடாரத்தின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆறு நாள் இருக்கும்" என்றார்.

ஆறு நாள்! எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. "உங்களுக்கு வலிக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேனா? என்னை என்னவென்று நினைத்தீர்கள்?" என்று கேட்டேன். "உன்னால் நன்றாகப் போக முடிகிறது. என்னால் உன் பயணம் கெட வேண்டாம் என்று நினைத்தேன்" என்றார். அந்த 'உன் பயணம்' என்ற சொல்தான் என்னைச் சுட்டது.

அவரை உட்கார வைத்துவிட்டு அவருடைய சைக்கிளைப் பார்த்தேன். முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் வலித்தால் முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். சீட் தாழ்ந்திருந்தால் கால் போதுமான அளவு நீளாது, மடங்கிய நிலையிலேயே மிதிப்பதால் சில்லின்மேல் அழுத்தம் கூடும். கிளம்பும் முன் சீட் கம்பியில் சரியான உயரத்துக்குக் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி அடையாளம் வைத்திருந்தோம். அந்த டேப் சட்டத்தின் வாயில் அகப்பட்டு, சுருங்கி, மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. பாதி உள்ளே போய்விட்டிருந்தது. பிடிப்பு தளர்ந்து கம்பி நாள்தோறும் நூலளவு நூலளவாக இறங்கியிருக்கிறது. அளந்து பார்த்தேன். 2 சென்டிமீட்டர். அதற்கு மேல் கனமான கியரில் எதிர்க்காற்றை மிதித்திருக்கிறார், என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு.

சீட் கம்பியைத் துடைத்து, ஏற்றி, பிடிப்பை இறுக்க முயன்றேன். சாவி நழுவியது. மறுபடி எடுத்தேன். மறுபடி நழுவியது.

அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, சுண்டுவிரலின் நுனியைக் கிள்ளினார். "தெரிகிறதா?"

தெரியவில்லை.

"எத்தனை நாளாக?" என்று என் கேள்வியையே கேட்டார்.

ஒன்பது நாளாக. சுண்டுவிரலும் அதை அடுத்த மோதிர விரலில் பாதியும். ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தை ஊன்றும்போது, அங்கே ஓடும் நரம்பு நசுங்கி இந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் நிற்கச் சொல்வார் என்று பயம். அவருடைய பயமும் இதேதான்.

வெகு நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. இது நேற்றைய மௌனம்போல் இல்லை.

செப்டம்பர் 10 (22ஆம் நாள்)

ஓய்வு. முழங்காலுக்கு ஈரத் துணி, என் கைக்கு ஒன்றும் செய்யாமலிருத்தல்.

ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினேன். மணிக்கட்டு வளையாமல் நேராக இருக்க வேண்டும், கை வைக்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அவருக்கு லேசான கியர், நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாத மிதி.

படுத்துக்கொண்டே ஃபேனி புல்லக் வொர்க்மனையும் அவர் கணவர் வில்லியமையும் நினைத்தேன். அமெரிக்கத் தம்பதி. 1890களில் ஸ்பெயின், அல்ஜீரியா, இந்தியா என்று சைக்கிளில் சுற்றியவர்கள். காற்றடைத்த டயரை டன்லப் உருவாக்கியதே 1888இல்தான். சைக்கிளின் குழந்தைப் பருவம் அது. அவர்களில் யாருக்கு முதலில் வலித்தது, யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

செப்டம்பர் 14 (26ஆம் நாள்)

பஸ்ஸில் 94 கிலோமீட்டர். சைக்கிள்கள் இரண்டும் கூரைமேல்.

முடிவெடுக்க இரண்டு நாள் ஆயிற்று. முன்னால் இருந்த பகுதியில் இடையில் தண்ணீரும் கிடையாது, தங்க இடமும் கிடையாது. ஒரே நாளில் கடந்தாக வேண்டும். இப்போதைய முழங்காலுக்கு ஒரு நாளில் 30க்கு மேல் தாங்காது. இன்னும் பத்து நாள் காத்திருக்கலாம் என்றால் மலையில் குளிர் முந்திக்கொள்ளும்.

வரைபடத்தில் தொடக்கத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். அது எங்கும் அறுபடாமல் கடைசிவரை போக வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கு அந்த ஆசை இருந்ததில்லை. ஆனாலும் என்னை அவசரப்படுத்தவில்லை. "நீ சொல். காத்திருப்பதென்றாலும் சரி" என்றார். பஸ் என்று சொன்னது நான்தான். சொல்லிவிட்டு அழுதேன். ஜன்னல் வழியாக, நாங்கள் மிதிக்காத சாலை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என் மரத்த விரலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வரைபடத்தில் அந்த 94 கிலோமீட்டருக்கு நீலக் கோடு போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16 (28ஆம் நாள்)

18 கிலோமீட்டர். முழங்கால் பரவாயில்லை. டேப் அடையாளம் இடத்திலேயே இருக்கிறது.

செப்டம்பர் 21 (33ஆம் நாள்)

ஏற்றம் தொடங்கி இரண்டு நாள். இன்று 26 கிலோமீட்டர், பெரும்பாலும் சிறிய கியரில், சில இடங்களில் நடந்து.

மாலை நான்கு மணி. கணவாய்க்கு இன்னும் இரண்டே கிலோமீட்டர். மேலே இரண்டு பாறைகளுக்கு நடுவில் வானம் தெரிகிறது. நான் முன்னால். பின்னாலிருந்து அவருடைய குரல்:

"நில். முழங்கால்."

நின்றேன். எனக்கு உச்சி கண்ணில் தெரிகிறது, வெளிச்சமும் இருக்கிறது. பழைய நாளாக இருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார். நானும் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று சொல்லியிருப்பேன். சாலையோரம் சமமான இடம் பார்த்துக் கூடாரம் போட்டோம்.

இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. கால் சுற்று இறுக்கினேன்.

"விரல் எப்படி?" தினமும் இந்த நேரத்தில் கேட்கிறார்.

"மோதிர விரல் வந்துவிட்டது. சுண்டுவிரல் பாதி. உங்கள் கால்?"

"படி ஏறுவதுபோல் மடக்கினால் வலி. நீட்டினால் இல்லை."

குறித்துக்கொண்டேன். காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது எதிரிலிருந்து. முதல் பத்து நிமிடம் நான் முன்னால், அடுத்த பத்து நிமிடமும் நான் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.