செந்தூரோடு திரும்பிவிடாதீர்கள்: தேரி, மணப்பாடு, உவரி

திருச்செந்தூரில் தரிசனம் முடித்து, பன்னீர் இலை விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு, அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடுவதுதான் எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து நடந்து வருவது. இந்த முறை அப்படித் திரும்பப் போவதில்லை என்று திருச்சியில் இரவு வண்டி ஏறும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருகனைப் பார்த்த பிறகு வேறென்ன பார்க்க இருக்கிறது என்று அவர் முணுமுணுத்தார். நேற்று முன்தினம் இரவு வீடு வந்து சேர்ந்தோம், பையின் தையல் ஓரங்களில் இன்னும் சிவப்பு மணல் உதிர்ந்துகொண்டிருக்கிறது. மறப்பதற்குள் செலவுக் கணக்கோடு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரயில் கட்டணம் போக, இரண்டு பேருக்கு இரண்டு நாளுக்கு ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

வார நாளில் போனதால் அறை 900 ரூபாய்க்குக் கிடைத்தது. சனி, ஞாயிறும் கிருத்திகையும் இதே அறைக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள் என்று விடுதிக்காரரே சொன்னார், ஆகவே நாள் பார்த்துப் போங்கள். கோவிலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நாழிக்கிணற்றைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். உப்புக் கடலில் மூழ்கி எழுந்து, கண் எரிய நடந்து வந்து, அலைச் சத்தம் கேட்கும் தூரத்திலேயே அந்தச் சின்னஞ்சிறு கிணற்றின் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது, இவ்வளவு அருகில் இந்த நீர் எப்படி உப்பாகாமல் இருக்கிறது என்ற கேள்வி எழாமல் இருக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்பதால் கடலோரத்து மணல்வெளிகளில் இப்படி நல்ல தண்ணீர் கிடைக்கிறது. அந்த இரண்டு நாட்களும் இதே தண்ணீர் எங்களைத் தொடர்ந்து வந்தது.

அன்று பிற்பகல் மணல்மேடுகளான தேரிக்காட்டுக்குக் கிளம்பினோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்ற ஓர் ஆட்டோக்காரரிடம், தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோவிலுக்குப் போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து திரும்ப 700 ரூபாய் என்று தெளிவாகப் பேசி ஏறினேன். திரும்பி வந்து இறங்கியதும் காத்திருந்ததற்குத் தனி, மணலில் ஓட்டியதற்குத் தனி என்று 1,100 கேட்டார். வண்டி மணலில் இறங்கவே இல்லை, தார்ச்சாலையில்தான் நின்றது. நான் விடாமல் வாதாடியும், அம்மா நடுவில் புகுந்து கையைப் பிடித்து இழுத்ததால், 900 கொடுத்துவிட்டு வந்தேன். அந்த இருநூறு ரூபாய் இன்னும் மனதை அறுக்கிறது. பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் காசில்லாமல் போகலாம் என்று 2021-லிருந்து இருக்கும்போது, காயாமொழி வழியாகப் போகும் பேருந்துக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் எங்களுக்கு இந்தச் செலவே வந்திருக்காது. நீங்கள் காத்திருங்கள்.

ஆனால் தேரியைப் பார்த்த நிமிடத்தில் பணக் கவலை போய்விட்டது. இருபுறமும் வாழையும் பனையுமாகப் பசுமையாக ஓடிக்கொண்டிருந்த சாலை திடீரென்று முடிந்ததுபோல் ஆகி, செம்பருத்திப் பூவை அரைத்துக் கொட்டியதுபோல் ஒரு சிவப்பு மேடு எழுந்து நிற்கிறது. செம்மண் நிலம் நான் பார்த்ததுதான், இது மண்ணல்ல, மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒட்டாமல் வழுகி ஓடுகிறது. உள்ளங்கையில் மிஞ்சிய சில பருக்கைகளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சிவப்புத் தோல் போர்த்திய கண்ணாடித் துணுக்குபோல இருந்தது. கடற்கரை மணலில் இருக்கும் அதே படிகக் கற்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்ததால்தான் இந்த நிறம்.

நாங்கள் போனது ஆனி மாதம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இந்தச் சமவெளியில் வீசுகின்ற காலம் அது. இந்தப் பக்கத்தில் இதைக் கச்சான் காற்று என்கிறார்கள். நாங்கள் மேட்டில் ஏறிய தடம் நாங்கள் திரும்பி இறங்குவதற்குள் பாதி அழிந்திருந்தது. மேட்டின் முதுகில் காற்று வரிவரியாகக் கோடு இழுத்திருக்க, அந்தக் கோடுகளின் மேல் ஒரு வண்டு நடந்து போன தடம் மட்டும் தையல் போட்டதுபோல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் இந்த மணல் வயல்களின் மேலும் வீடுகளின் மேலும் நகர்ந்து வந்து மூடுமாம். அதை நிறுத்தத்தான் பனையும் கொல்லாமரமும் உடைமரமும் வளர்த்திருக்கிறார்கள். கொல்லாமரம் என்றால் முந்திரி. மரம் வேர் பிடித்த இடத்தில் மணல் அமைதியாகக் கிடக்கிறது, மரம் இல்லாத இடத்தில் இன்றும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தத் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைத்திருப்பதும், அவற்றைப் பற்றி 1956-இல் சோய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு தொல்லியல் அறிஞர்கள் விரிவாக எழுதியிருப்பதும் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அங்கே நின்று, நகத்தின் அளவே உள்ள கல்லைச் செதுக்கி அம்பு முனையில் பொருத்திக்கொண்டு இதே மணலில் ஒருவர் நடந்திருக்கிறார் என்று நினைத்தபோது உடல் சிலிர்த்தது. கற்குவேல் அய்யனார் இந்தப் பகுதியில் ஏராளமான குடும்பங்களுக்குக் குலதெய்வம். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவில், தேரி மணலில் கள்ளனாகப் பாவித்து இளநீரை வெட்ட, அந்த இளநீர் விழுந்த மண்ணை மக்கள் அள்ளிக்கொண்டு போய் வீட்டிலும் வயலிலும் வைக்கிறார்கள். கோவில் வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் அம்மாவிடம், “மழைத் தண்ணி பூராத்தையும் இந்தத் தேரிதாம்மா குடிச்சு வச்சிருக்கு, சுத்துப்பட்டு வாழையெல்லாம் அதுல பொழைக்கிறதுதான்” என்றார். மேலப்புதுக்குடியில் உள்ள இன்னொரு தேரிக் கோவிலின் அய்யனாருக்கு அருஞ்சுனை காத்தவர் என்றே பெயர். வறண்ட சிவப்பு மணலின் நடுவே சுனையைக் காக்க ஒரு தெய்வத்தை நிறுத்தியவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே நகரப் பேருந்தில் உடன்குடிப் பக்கம் போய்விட்டோம், அதிலும் காசு கிடையாது. ஊரைத் தாண்டிப் பனங்காட்டுக்குள், பதனீர் காய்ச்சும் குடிசையான ஒரு விடிலியில் புகை எழுவதைப் பார்த்து, தயங்கித் தயங்கிப் போய் நின்றோம். பனையேறி அண்ணன் ஒருவர் இரண்டாவது மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் பாளை சீவும் அரிவாள் வைத்த பெட்டியும், உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயமும் இருந்தன. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து எங்கள் கையில் கொடுத்து, அதில் பதனீரை ஊற்றினார். குளிர்ச்சியாக, ஓலை வாசத்தோடு, சுண்ணாம்பின் மெல்லிய காரம் தொண்டையில் நிற்க, நான் இரண்டு பட்டையும் அம்மா ஒன்றரைப் பட்டையும் குடித்தோம். காசு வாங்க மறுத்தவரிடம் வற்புறுத்தி ஐம்பது ரூபாய் கொடுத்தோம். உள்ளே அவர் மனைவி பெரிய தாச்சியில் பதனீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அது கூப்பதனியாகக் கெட்டிப்பட்டு, கிண்டக் கிண்டப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றிவிடுகிறார்கள், ஆறியதும் கருப்பட்டி.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படியிருந்தும் சாலையோரக் கடைகளில் சீனிப்பாகு கலந்ததை அதே பெயரில் விற்கிறார்கள், இதை நான் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. உடைத்துப் பாருங்கள். உட்புறம் சீனி மினுமினுப்போடு பளபளத்தால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், நல்ல கருப்பட்டி மங்கலாகத்தான் இருக்கும். விலை மலிவாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். உயிரைக் கொடுத்து மரம் ஏறி, விறகு வைத்து மணிக்கணக்கில் காய்ச்சியது சீனி விலைக்கு எப்படிக் கிடைக்கும்? விடிலியிலேயே இரண்டு கிலோ 700 ரூபாய்க்கு வாங்கினோம். அம்மாவுக்கு விலை அதிகம் என்று தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். தசராவில் வேடமிட்டவர்களின் கூட்டத்தில் திணறும் ஊர், ஆனியில் ஆளரவமற்றுக் கிடந்தது. இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், இங்கிருந்து நேராகவே போகலாம்.

அங்கிருந்து மணப்பாட்டுக்கு ஏறிய பேருந்தை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. ஊருக்குள் போகும் என்று நடத்துநர் சொல்லித்தான் ஏறினோம். இருக்கையின் பலகை பெயர்ந்து ஆணி நீட்டிக்கொண்டிருந்தது, சன்னல் அடைப்பு இறங்கவில்லை, கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடைசியில் மணப்பாடு விலக்கில் நிறுத்தி, இறங்கி நடந்துவிடுங்கள் என்றார்கள். அறுபத்து மூன்று வயது அம்மாவோடு பதினொரு மணி வெயிலில் நடந்தேன். ஊருக்குள் போகும் பேருந்தா, விலக்கோடு நின்றுவிடும் பேருந்தா என்று ஓட்டுநரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு ஏறுங்கள்.

நடந்த களைப்பெல்லாம் மணப்பாட்டுக் குன்றின் மேல் போய்விட்டது. ஒரு பக்கம் அலை மோதும் கடல், மறுபக்கம் கருமேனியாறு கடலைச் சேரும் இடத்தில் மணல்திட்டு அணைத்து நிற்கும் அமைதியான பச்சை நீர், இரண்டுக்கும் நடுவே குன்றின் மேல் வெள்ளையாகத் திருச்சிலுவை ஆலயம். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கடற்கரைக்கு வந்தவர். அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை, குன்றின் கடல் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பர் 14-இல் நிறைவடையும் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள் என்று குகை வாசலில் இருந்த பெரியவர் சொன்னார்.

குகைக்குள் ஒரு கிணறு இருக்கிறது. அலை அறைவது பாறை வழியாகக் காலில் அதிர, உள்ளே இறைத்துக் கொடுத்த தண்ணீரை அம்மா முதலில் நாக்கில் தொட்டுப் பார்த்தார், பிறகு உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார், பிறகு என்னிடம் திரும்பி, “நாழிக்கிணறு மாதிரியே இருக்குடீ” என்றார். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர் அவர். கைப்பையிலிருந்த காலி பாட்டிலை நீட்டி அதில் நிரப்பித் தரச் சொன்னதும் அவரேதான்.

மதியச் சாப்பாடு ஒரு வீட்டுத் திண்ணையில். ஒரு அக்கா நாலைந்து பேருக்கு மட்டும் சமைத்துப் போடுகிறார். அம்மாவுக்கு ரசமும் வெண்டைக்காயும். எனக்குக் காலையில் கரை இறங்கிய விளமீனில், தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டுப் புளி தூக்கலாக வைத்த குழம்பு. தலைத்துண்டை ஒதுக்கி வைத்திருந்து, “நீங்க சாப்பிடுவீங்கள்லா?” என்று கேட்டுப் போட்டார். சோற்றில் குழம்பின் மேலே மிதந்த எண்ணெய் மட்டும் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்தபோது பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் 220 ரூபாய்தான். இந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பதால் மீன் சாப்பிட நினைப்பவர்கள் அன்று போக வேண்டாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருந்தாலும், இங்கே வள்ளங்கள் போய்க்கொண்டுதான் இருக்கும். அதே தெருவில் பனையோலையில் பெட்டி முடையும் பெண்களிடம் 160 ரூபாய்க்கு மூடி போட்ட ஒரு பெட்டி வாங்கினேன்.

உவரிக்கு மாலையில்தான் போக முடிந்தது, அதனால் கப்பல் வடிவில் கட்டிய மாதா கோவிலை வெளியிலிருந்தே பார்த்தோம். சுயம்புலிங்க சுவாமி கோவிலில், நேர்ந்துகொண்டவர்கள் கடல் மணலை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எதுவும் சொல்லாமல் நான் வாங்கிய புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மூச்சு வாங்க வாங்கப் பதினோரு பெட்டி மணல் சுமந்தார்.

இரண்டு நாளில் மொத்தம் 4,870 ரூபாய் ஆனது. ஆட்டோவுக்கு அதிகமாகக் கொடுத்த இருநூறும் அதற்குள்தான். கள்ளர் வெட்டுக்குப் போக வேண்டும், கார்த்திகைக் கடைசிக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடு என்று அம்மா இன்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். முன்பதிவு அறுபது நாளுக்கு முன்புதான் திறக்கும் என்பதால் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறேன்.