பிள்ளைகள் இல்லாமல் முதல் பயணம்

இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் எங்கேயாவது போவது இதுதான் முதல் தடவை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு, ஐந்து நாள். பிள்ளைகள் அம்மாவிடம் இருக்கிறார்கள்.

முதல் ராத்திரி தூக்கமே பிடிக்கவில்லை. மூன்று மணிக்கு, சின்னவளின் போர்வையைச் சரிசெய்யும் பழக்கத்தில் கையை நீட்டினேன், வெறும் மெத்தைதான் தட்டுப்பட்டது. "பாப்பா தூங்கியிருப்பாளா?" என்று இருட்டில் கேட்டது அவர்தான்.

மறுநாள் கடலில் இறங்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால் கறுக் கறுக் என்று ஒரு சத்தம். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறிக்கிற சத்தம் அது! அவை தின்று அரைத்துக் கழிக்கிற பவளத்தூள்தான் இந்த மாதிரி கரைகளில் வெள்ளை மணலாகச் சேர்கிறது. வீடியோ காலில் பெரியவனிடம் இதைச் சொன்னதும் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது, அதனால் அந்தி என்பதே கொஞ்ச நேரம்தான், அரை மணி நேரத்துக்குள் நல்ல இருட்டு. அந்த நேரத்தில் காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தோம், பால், ஜுரம், ஹோம்வொர்க் எதுவும் இல்லாத பேச்சு, நடுவில் யாரும் கூப்பிடாமல் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்து எத்தனை வருஷம் ஆகிறது!

ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வந்தது சரி என்றே நினைக்கிறேன்.

பெரியவன் கொஞ்சம் மணல் கேட்டான். அதைக் கடற்கரையிலிருந்து எடுக்கக் கூடாது கண்ணா என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் வைத்துப் பக்கத்தில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.