தலைச்சன் பிள்ளை தஞ்சிரோ

கோயோஹாரு கோதோகேயின் மாங்காவாக (ஜப்பானியப் படக்கதையாக) 2016இல் தொடங்கி, 2019இல் அனிமேயாக (ஜப்பானிய அசைவூட்டத் தொடராக) வந்த 'டீமன் ஸ்லேயர்' தொடரில் அரக்கர்களை வேட்டையாடும் நாயகன் தஞ்சிரோவை வாளுக்காக மட்டும் கொண்டாடுவோர் மேல் எனக்குச் சற்று வருத்தம் உண்டு. தந்தை இறந்தபின் மலையிலிருந்து கரி சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காத்த மூத்த பிள்ளை அவன். பறை அரக்கன் கியோகாயுடன் மோதும்போதுகூட, மூத்தவன் என்பதால்தான் இந்த வலியைத் தாங்குகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். அந்த அறையில் சிதறிக் கிடக்கும் கையெழுத்துத் தாள்கள், மனிதனாக இருந்தபோது எழுத்தாளனாக விரும்பி இகழப்பட்ட அந்த அரக்கன் எழுதியவை. உயிர் போகும் சண்டையிலும் அவற்றை மிதிக்காமல் கால் வைக்கிறான் தஞ்சிரோ. அப்படி ஒதுங்கி நடந்ததில்தான் காயம் வலிக்காமல் அசையும் வழியும் அவனுக்குப் பிடிபடுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே தொடரை மீண்டும் பார்க்கலாம்.

அரக்கியாகிவிட்ட தங்கை நெசுகோவை முதுகுப் பெட்டியில் சுமப்பதால் வந்த இரக்கம் இது என்று சொல்வது பாதி உண்மையே. அவன் இயல்பே அதுதான். பெட்டிக்குள் அரக்கி இருப்பதைத் தன் கூர்மையான காதால் அறிந்தும், தன் உயிரினும் மேலானது அது என்று தஞ்சிரோ சொன்ன ஒரே காரணத்துக்காக, பெட்டியைத் தாக்க வந்த பன்றித்தலை முகமூடி வீரன் இனோசுகேயிடம் அடி வாங்கிக்கொண்டே அதைக் காக்கிறான் பயந்தாங்கொள்ளியான சக வீரன் செனிட்சு. அதே இனோசுகேயும் பிறகு உற்ற தோழனாகிறான், தஞ்சிரோவின் பெயரைத்தான் ஒழுங்காகச் சொல்வதில்லை.