துரு டைரி

10 நவம்பர் 2025, திங்கள்

இன்னைக்கு சிங்கப்பூர் ஆபீஸ்ல ரிவியூ, நான் எழுதின ப்ரோக்ராமைச் சரி பார்க்கிறது. ராத்திரி செட்டில்மென்ட் ஃபைலைப் படிக்கிற டூல், சி++ங்கிற பழைய ப்ரோக்ராமிங் மொழியில கிடந்ததை ரஸ்ட்ங்கிற புது மொழியில எழுதிக் குடுத்திருந்தேன். ரஸ்ட்னா துரு. டீம்ல மூத்தவரு, நான் அண்ணன்னு கூப்பிடுறவரு, ப்ரோக்ராமைத் திறக்கவே இல்ல. "என்னடா இது துரு மொழி? கடலைச் செடியில துரு விழுந்தா எங்கப்பா மருந்தடிப்பாரு, நீ அதைக் கொண்டாந்து ப்ரொடக்‌ஷன்ல நடுறே." பட்டுக்கோட்டைக்காரரு, வாய்க்குக் கேக்கணுமா. எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான். (அப்புறம் பார்த்தா, அந்த துருப் பூஞ்சைய வச்சுதான் பேரு வந்துச்சுன்னு ரஸ்ட்டை ஆரம்பிச்ச கிரேடன் ஹோரேயே சொல்லியிருக்காராம். அண்ணன்கிட்ட இதைச் சொல்ல மாட்டேன்.)

சிரிப்பு அதோட நின்னிருந்தா பரவாயில்ல. "பாயின்டரை ஒழுங்கா பிடிக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் எதுக்கு? வா, போர்டுல வீடேபிள் வரைஞ்சு காட்டு"ன்னு மார்க்கரை நீட்டுறாரு. (பாயின்டர்னா மெமரி அட்ரஸ், வீடேபிள்னா எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு சி++ ப்ரோக்ராம் ஓடும்போது பார்க்கிற அட்டவணை.) நாலு வருஷமா வேலை பார்க்கிறவனை இன்டர்வியூக்கு வந்தவன் மாதிரி நிக்க வச்சு. வரைஞ்சேன். சரியாத்தான் வரைஞ்சேன். ஒண்ணும் சொல்லாம அடுத்த டிக்கெட்டுக்குப் போயிட்டாரு.

13 நவம்பர், வியாழன்

பழைய டூல் எப்பயாவது காரணமே இல்லாம செத்துப்போகும், ரீஸ்டார்ட் பண்ணா ஓடிரும், அதனால யாரும் தோண்டல. இன்னைக்குப் பிடிச்சேன். வெக்டர்ல, அதாவது தேவைக்கு நீளுற லிஸ்ட்ல, ஒரு ரெக்கார்டுக்கு ரெஃபரன்ஸ் (அது இருக்கிற இடத்தோட அட்ரஸ்) எடுத்து வச்சுக்கிட்டு, கீழ நாலு வரி தள்ளி அதே வெக்டர்ல புஷ்_பேக், கடைசியில இன்னொண்ணைச் சேர்க்கிறது. இடம் பத்தலைன்னா வெக்டர் சாமான் செட்டோட வேற இடத்துக்குக் குடி போயிரும், நம்ம கையில இருக்கிறது காலி பண்ணின வீட்டு அட்ரஸ். ஆனா பழைய வீட்டுல உடனே யாரும் குடிவர மாட்டாங்க, எட்டிப் பார்த்தா எல்லாம் அப்படியே இருக்கிற மாதிரி இருக்கும், அதான் டெஸ்ட்ல சிக்கவே மாட்டேங்குது.

இதையே ரஸ்ட்ல எழுதினா கம்பைலே ஆகாது. ஈ0502ன்னு எர்ரர் நம்பர் குடுத்து நிறுத்திரும். ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தன் அதை மாத்தக் கூடாது, அவ்ளோதான். கத்துக்கிட்ட முதல் மாசம் பூரா இந்த ஈதான் மொய்ச்சுது, எரிச்சல்ல லேப்டாப்பை மூடிட்டு தேக்காவுக்கு தே தாரிக் குடிக்கப் போன நாளெல்லாம் உண்டு.

யாரு எப்போ என்ன மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற கிட் (Git) டூல்ல அந்த வரி யாரு எழுதினதுன்னு பார்த்தேன். 2014, அண்ணன். மூணே வரியில திருத்தி அனுப்பிட்டேன், பேர் எங்கயும் போடல.

19 நவம்பர், புதன்

நேத்து சாயங்காலம் ஏழரை மணி வாக்குல, நிறைய வெப்சைட்டுகளுக்கு முன்னாடி நின்னு டிராஃபிக்கைத் தாங்குற கிளவுட்ஃபிளேர் கம்பெனி படுத்து எக்ஸ், சாட்ஜிபிடி எல்லாம் சேர்ந்து படுத்துச்சு. காலையில அண்ணன் என் டேபிள்ல ஒரு பேப்பர் வச்சிருக்காரு, பிரின்ட் எடுத்து! கிளவுட்ஃபிளேர் அவங்களே போட்ட விளக்கம். ஒரு ஃபைல் எதிர்பார்த்ததை விட பெருசாயிருச்சு, அதுல 200 ஐட்டம்தான் லிமிட், அதைத் தாண்டினதும் வந்த எர்ரரை ஒரு அன்ராப் (எர்ரரே வராதுன்னு நம்பி எழுதுறது, வந்தா ப்ரோக்ராமையே நிறுத்திரும்) வாங்கி பேனிக் ஆயி நின்னுருச்சு. அந்த ப்ரோக்ராம் எழுதினது ரஸ்ட்ல. அன்ராப்புக்கு கீழ சிவப்புப் பேனாவுல ரெண்டு கோடு.

மெமரி பத்திரமா இருக்கிறதும் ப்ரோக்ராம் நிக்காம ஓடுறதும் வேற வேறன்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை பேசறதுக்கு முன்னாடி என் டூல்ல தேடிப் பார்த்தேன். பதினொரு அன்ராப். அதுல ஒண்ணு ஃபைலோட கடைசி வரி காலியா வந்தாலே செத்துரும். ராத்திரி பத்து மணி வரை உக்காந்து எல்லாத்தையும் பிடுங்கினேன், எக்ஸ்போவுல டவுன்டவுன் லைன் ஏறி லிட்டில் இந்தியா வர்ற வரைக்கும் வெக்கமாவே இருந்துச்சு.

28 நவம்பர், வெள்ளி

அண்ணன் கண்ணு செவந்து வந்தாரு. ராத்திரி மூணு மணிக்கு போன், வேற ஏதோ சிஸ்டம். கோப்பிக் கடையில கோப்பி ஓ வாங்கிக் குடுத்துட்டு அவராவே ஆரம்பிச்சாரு. "நான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டா உன் துருவை எவன்டா திறந்து பார்ப்பான்? நீ அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குத் தாவிருவே. போன் எனக்குத்தானே வரும்."

இது ஞாயமான கேள்வி. இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே, அதுக்கு எதுக்குண்ணே வீடேபிள் பரீட்சைன்னேன். பதில் இல்ல. இன்னொரு கோப்பி சொன்னாரு.

லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்லயும் பாதிச் சண்டை இதுதான். 6.1 வெர்ஷன்ல, 2022 டிசம்பர்ல ரஸ்ட் உள்ள வந்துச்சு, ஆனா பழைய சி, புது ரஸ்ட்னு ரெண்டு மொழியையும் சேர்த்து யாரு சுமக்கிறதுங்கிற பேச்சு முடியவே இல்ல. 2024 ஆகஸ்ட்ல ரஸ்ட் டீம்ல முக்கியமான ஒருத்தரு, டெக்னிக்கல் இல்லாத தொல்லை தாங்கலைன்னு ஒதுங்கிட்டாரு. சுமையைப் பத்தின பேச்சையும் ஏளனத்தையும் ஒரே வாயால பேசினா கேக்கிறவனுக்கு ஏளனம் மட்டும்தான் காதுல விழும்.

12 டிசம்பர், வெள்ளி

டோக்கியோவுல லினக்ஸ் கெர்னலைப் பராமரிக்கிற மெயின்டெய்னர்கள் கூடி, ரஸ்ட் இனிமே பரிசோதனை இல்ல, நிரந்தரம்னு முடிவு பண்ணிட்டாங்க. லிங்க்கை எனக்கு அனுப்பினது அண்ணன். ஒரு வார்த்தை எழுதல, ஸ்மைலி கூட இல்ல.

மத்தியானம் ரிவியூல அப்ரூவ் விழுந்துச்சு. கூடவே அண்ணன் டேபிளுக்கு வந்து ஆன்-கால் போனை, ராத்திரி சிஸ்டம் படுத்தா அடிக்கிற போனை, வச்சாரு, ஓரத்துல கீறல் விட்ட கறுப்பு போன், சார்ஜரை இன்னும் சுத்தக்கூட இல்ல. "ஜனவரி முடியுற வரைக்கும் உன்கிட்டதான் இருக்கும். ரிங்டோனை மாத்தாதே, அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திரிக்க முடியும்."

ரூம்ல ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்தான் காலி. ரைஸ் குக்கரைக் கழட்டிட்டு போனைச் செருகியிருக்கேன்.