அடி பம்புக்குத் தோல் வாஷர் போட்டாச்சு, கீழ்த்தோல் பாக்கி

மூன்று வாரமாக வெறும் காற்றை அடித்துக்கொண்டிருந்த கொல்லை அடி பம்பு, இன்று காலை ஏழாவது அடியில் குபுகுபுவென்று கொட்டியது. அம்மா தானே நாலு அடி அடித்துப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா பழைய கனம் வந்திருக்கு" என்றாள். அந்தக் கனம்தான் விஷயம். கைப்பிடி பஞ்சு மாதிரி இறங்கினால் ஒன்று வாஷர் போயிருக்கும், இல்லையென்றால் நீர்மட்டம் இறங்கியிருக்கும். இதில் எது என்று பார்க்காமல் பம்பைப் பிரிக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு அளந்தேன், 16 அடி. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, கணக்குப்படி 10 மீட்டர் வரை வரலாம் என்றாலும் நடைமுறையில் 7 மீட்டர் தாண்டினால் எந்த வாஷரும் இழுக்காது. 16 அடிக்கு வராமல் இருக்கிறது என்றால் தோல்தான்.

முதல் தடவை வாங்கிய கையோடு அப்படியே போட்டேன். காய்ந்த தோல் அப்பளம் மாதிரி விறைப்பு. இரண்டு குடம் நிறைந்தது, அப்புறம் மறுபடி காற்று. கழற்றினால் ஓரம் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது. தெருவில் குழாய் வேலை பார்க்கும் பெரியவர் பார்த்துவிட்டு, "ஊறப் போடாம யாரு தம்பி மாட்டுவா?" என்றார்.

இரண்டாவது வாஷரை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் கட்டைவிரலால் சுற்றி அழுத்தினால் ஓரம் காது மடல் போல வளைந்து கொடுத்தது. மேலே விளக்கெண்ணெய் தடவி, கிண்ணம் மாதிரி இருக்கும் அந்தத் தோலின் வாய் மேலே பார்க்கும்படி மாட்டினேன். அப்போதுதான் மேலே நிற்கும் தண்ணீரே தோலின் ஓரத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். உள்சுவரில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இதைச் சோம்பல்பட்டு விட்டால் சொரசொரப்பில் புதுத் தோலும் சீக்கிரம் தேய்ந்துவிடும். உள்ளே இறக்கும்போது நேராக அழுத்தக் கூடாது, மத்தைத் திருப்புகிற மாதிரி லேசாகத் திருகிக்கொண்டே இறக்க வேண்டும். அரை மணி நேரம் இதற்கே ஆனது, ஆனால் மடங்காமல் போய் உட்கார்ந்தது.

தஞ்சாவூரில் நாலு கடை ஏறி இறங்கியும் ரப்பர் வாஷர்தான் எடுத்து நீட்டினார்கள். கடைசியில் திருவையாற்றில் ஒரு சின்னக் கடையில்தான் தோல் கிடைத்தது. நான்கு வாங்கி வைத்துவிட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் மட்டம் ஏறிவிடும். சித்திரை, வைகாசிதான் பயம்.

ஆனால் இன்னும் முழுசாக முடியவில்லை. ராத்திரியில் தண்ணீர் கீழே இறங்கிவிடுகிறது, காலையில் ஒரு செம்பு ஊற்றினால்தான் பிடிக்கிறது. கீழ்த்தோல், அதாவது அடியில் இருக்கும் வால்வுத் தோல், சரியாக மூடவில்லை. அங்கே இரண்டு போல்ட் துருவேறி அசையவே மாட்டேன் என்கின்றன, டீசல் விட்டு வைத்திருக்கிறேன். அடுத்து தாழ்வாரத்து நாட்டு ஓடு மாற்ற வேண்டும், கும்பகோணம் பக்கம் பழைய வீடு இடிக்கும் இடங்களில் விசாரிக்கிறேன். கீழ்த்தோலை இன்றே வெட்டி ஊறப் போட்டாச்சு, போல்ட் மட்டும் கழன்றால் நாளைக்கே மாட்டிவிடுவேன்.